இரண்டு எம்.டி.–பிஎச்.டி. இடம் கையில் இருக்கிறது, எதில் சேருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி முடிந்தால் என் போனுக்கு வேலை வந்துவிடும். அமெரிக்காவில் மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் ஆகிற இரட்டைப் படிப்புக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்த பிள்ளைகள் கூப்பிடுவார்கள். அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அப்பா அம்மாக்கள் கூப்பிடுவார்கள். கேள்விகள் வருடா வருடம் மாறுவதில்லை. நானும் அந்த எட்டு வருடத்தை (எனக்கு ஒன்பது ஆனது) கடந்து வந்தவன் என்பதால் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

“எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அப்புறம் படிப்பதுதானே? அதில் பிஎச்.டி. எங்கே வந்தது?”

நீங்கள் சொல்வது இந்தியக் கணக்கு. அமெரிக்காவில் எம்.டி.தான் முதல் மருத்துவப் பட்டம். நான்கு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு அதில் சேர்வார்கள்; அதுவும் நான்கு வருடம். நம் ஊர் எம்.டி.யின் இடத்தில் அங்கே இருப்பது ரெசிடென்சி.

எம்.டி.–பிஎச்.டி. என்பது அந்த நான்கு வருடத்தை நடுவில் பிளந்து உள்ளே ஒரு முழு பிஎச்.டி.யை வைப்பது. வழக்கமாக ஒன்றரை, இரண்டு வருடம் மருத்துவப் பாடம். அப்புறம் லேபில் மூன்று நான்கு வருடம், சிலருக்கு ஐந்து. பிறகு வார்டுக்குத் திரும்பி மருத்துவத்தை முடிப்பது. ஆக மொத்தம் சராசரியாக எட்டு வருடம். இத்தனைக்கும் பிறகுதான் ரெசிடென்சி. பெரும்பாலான புரோகிராம்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செலவுக்கு ஸ்டைபண்டும் தருவார்கள். போனில் நான் இதைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. எட்டு வருடத்தால் வந்த அமைதியா, கட்டணம் இல்லை என்பதால் வந்ததா என்று நான் கேட்பதில்லை.

“எம்.எஸ்.டி.பி. என்று வேறு ஒன்று சொல்கிறார்களே, அது தனிப் படிப்பா?”

படிப்பு ஒன்றுதான், பணம் வருகிற வழிதான் வேறு. எம்.எஸ்.டி.பி. என்பது என்.ஐ.எச்., அதாவது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், எம்.டி.–பிஎச்.டி. புரோகிராம்களுக்குத் தரும் பயிற்சி மானியம். 1964இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், நார்த்வெஸ்டர்ன், நியூயார்க் பல்கலைக்கழகம் என்று மூன்று இடங்களில் தொடங்கியது. இப்போது ஐம்பதுக்கு மேல். இந்த மானியம் இல்லாமல் நடக்கும் எம்.டி.–பிஎச்.டி. புரோகிராம்களையும் சேர்த்தால் நாட்டில் நூறைத் தாண்டும்.

“ஒரு இடம் எம்.எஸ்.டி.பி., இன்னொன்று இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுத்துவிடலாமா?”

கண்ணைத் திறந்தே எடுங்கள். எம்.எஸ்.டி.பி. முத்திரை ஒரு விஷயத்துக்கு உத்தரவாதம்: வெளியாட்கள் வந்து கணக்குக் கேட்கிறார்கள். மானியத்தைப் புதுப்பிக்கும்போது எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு நாளானது, முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். அந்தப் பயத்தில் பல நல்ல பழக்கங்கள் வரும்.

ஆனால் அந்த மானியம் எல்லா மாணவர்களுக்கும் எல்லா வருடமும் போதாது. மிச்சத்தைக் கல்லூரியும், பிஎச்.டி. வருடங்களில் உங்கள் கைடுடைய ஆராய்ச்சி மானியமும் சுமக்கின்றன. (அங்கே பி.ஐ. என்பார்கள். எனக்குக் கைடு என்றுதான் வாயில் வருகிறது.) எனவே முத்திரை இல்லாத இடத்திலும் முழுப் பணமும் தரக்கூடும். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியது இதுதான்: “ஒவ்வொரு வருடமும் என் பணம் யாருடைய கணக்கிலிருந்து வரும்? அந்தக் கணக்கு வற்றினால் யார் தருவார்கள்?” இதற்கு எழுத்தில் பதில் வந்தால் முத்திரையைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். “அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்” என்று வாய்வார்த்தையாக வந்தால் கவலைப்படுவேன்.

“எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. பையன் இங்கேயே வளர்ந்தவன். இது ஒரு பிரச்சினையா?”

பிரச்சினைதான், முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டியதும்கூட. என்.ஐ.எச்.-இன் பயிற்சி மானியம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் மட்டும். இந்த மாணவர்கள் தனியாக விண்ணப்பித்து வாங்கும் எஃப்30 என்ற ஃபெலோஷிப்புக்கும் அதே விதி. வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் வளர்ந்த பிள்ளை 21 வயதில் அந்த விசாவிலிருந்து வெளியே வந்து எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாறியிருப்பான். பள்ளியெல்லாம் இங்கேயே படித்தவன் என்றாலும் விதியின் கண்ணில் அவன் வெளிநாட்டு மாணவன்.

அப்படிப்பட்டவர்களைத் தங்கள் சொந்தப் பணத்தில் எடுக்கும் புரோகிராம்கள் சில உண்டு. இரண்டு இடத்திலும் அனுமதி வந்திருக்கிறது என்றால், ஏற்கெனவே எஃப்1இல் இருக்கும் மூத்த மாணவர் ஒருவரையாவது அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். அப்படி ஒருவர்கூட இல்லையென்றால் உங்கள் பையன்தான் அவர்களுக்கு முதல் சோதனை. அதில் தப்பில்லை, தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

“ஒரு இடத்தில் ஸ்டைபண்ட் வருடத்துக்கு 5,000 டாலர் அதிகம். எட்டு வருடத்துக்கு 40,000 ஆகிறதே?”

பெருக்கல் சரி. ஆனால் வாடகையைக் கழிக்காமல் பெருக்கியிருக்கிறீர்கள். மான்ஹாட்டனில் கல்லூரி தரும் மானிய விலைக் குடியிருப்பு எட்டு வருடமும் உண்டா, முதல் சில வருடம் மட்டுமா என்பது அந்த 5,000ஐ ஒரே வீச்சில் விழுங்கிவிடும். செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க் மாதிரி ஊர்களில் அதே ஸ்டைபண்டில் கொஞ்சம் மூச்சுவிடலாம். ஒப்பிட ஒரு அடிப்படை அளவு: 2024 நிதியாண்டில் என்.ஐ.எச். பயிற்சி மானியத்தில் பிஎச்.டி. நிலை ஸ்டைபண்ட் 28,224 டாலர். அதற்கு மேல் வருவதெல்லாம் கல்லூரி தன் கையிலிருந்து போடுவது.

அப்புறம் வரி. இந்த ஸ்டைபண்டுக்கு மத்திய வருமான வரி உண்டு, ஆனால் பல இடங்களில் சம்பளம் மாதிரி பிடித்துக்கொண்டு தர மாட்டார்கள். நீங்களே ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும். நான் முதல் வருடம் இது தெரியாமல் முழுப் பணத்தையும் செலவழித்துவிட்டு மறு ஏப்ரலில் அக்காவிடம் கடன் வாங்கினேன். அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

“ஒரு புரோகிராமில் சராசரி 7.6 வருடம், இன்னொன்றில் 8.4 என்று போட்டிருக்கிறார்கள். சீக்கிரம் முடிவதுதானே நல்லது?”

சராசரி யாரை வைத்துப் போட்டது என்று பாருங்கள். முடித்தவர்களை மட்டும் எண்ணினால் ஒன்பதாம் வருடத்தில் இன்னும் உட்கார்ந்திருப்பவரும், பாதியில் போனவரும் கணக்கில் வரவே மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு வருடக் குழுவைப் பிடித்துக் கேளுங்கள்: “பத்து வருடத்துக்கு முன் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? ஒவ்வொருவரும் இப்போது எங்கே?” நல்ல இயக்குநர் பேப்பரைப் பார்க்காமலே சொல்வார், பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் ஆளாகச் சொல்வார். யாராவது பாதியில் விட்டுப் போயிருந்தால் அதையும் மறைக்க மாட்டார்.

மற்றபடி 0.8 வருட வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். ஈஸ்ட் வைத்து வேலை செய்கிறவரும், வயதான எலிகளுக்காக ஒன்றரை வருடம் காத்திருக்கிறவரும் ஒரே நாளில் முடிக்க முடியாது.

“அந்தப் பெரிய ஆளுடைய லேபில் சேரத்தான் இந்த இடத்தையே யோசிக்கிறேன். சரியா?”

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்வேன், பட்டவன் என்பதால்.

நானும் ஒருவருக்காகத்தான் போனேன். பிஎச்.டி.யில் மூன்றாம் வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை லேப் மீட்டிங், கடைசி ஸ்லைடு முடிந்தது. விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, ஆறு மாதத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று சொன்னார். பிஎச்.டி. முடித்துவிட்டு லேபில் வேலை செய்யும் போஸ்ட்டாக்குகள் கூடவே போகலாம். நான் போக முடியாது. என் மருத்துவப் படிப்பு இந்த ஊரில் பாதியில் நிற்கிறது. கீழ்த்தளத்தில் எனக்கு நாற்பது கூண்டு எலிகள் இருந்தன. கூண்டுக்கு இவ்வளவு என்று தினமும் வாடகை ஓடும், அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். அன்று சாயங்காலம் அந்த எலி அறையில் போய் நின்று கூண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லா அட்டையிலும் அவர் பெயர்.

மறுநாள் புரோகிராம் இயக்குநரைப் பார்த்தேன். அந்த வாரம் முடிவதற்குள் பக்கத்து லேபில் எனக்கு ஒரு மேஜை கிடைத்தது. எலி வாடகையை ஒரு வருடத்துக்குப் புரோகிராம் ஏற்றுக்கொண்டது. பழைய கைடு தொலைவிலிருந்து என் ஆய்வேட்டுக் குழுவில் தொடர்ந்தார். எனக்கு ஒன்பதாவது வருடம் அதனால்தான் ஆனது, ஆனால் முடிந்தது. வேறொரு ஊரில் இதே நிலைக்கு வந்த என் நண்பனிடம், “நீயே ஒரு லேப் தேடிக்கொண்டு வா” என்றார்கள். அவன் பிஎச்.டி.யை விட்டுவிட்டான்.

ஆகவே என் கணக்கு இது. இரண்டு இடத்திலும் நீங்கள் மகிழ்ச்சியோடு சேரக்கூடிய லேப்கள் எத்தனை என்று எண்ணுங்கள். குறைந்தது நான்கைந்து பேர் தேற வேண்டும். ஒருவர்தான் தேறுகிறார் என்றால், அவர் வேறு ஊருக்குப் போகலாம், ஓய்வு பெறலாம், மானியம் இழக்கலாம். முதலில் அவர் லேபில் இடம் இருக்கிறதா என்பதே தெரியாது. சில புரோகிராம்கள் இந்த எண்ணிக்கையைக் கூட்டித் தருகின்றன. நியூயார்க்கின் ட்ரை-இன்ஸ்டிடியூஷனலில் வைல் கார்னெல், ராக்கஃபெல்லர், ஸ்லோன் கெட்டரிங் மூன்றிலும் லேப் தேடலாம். யூ.சி.எல்.ஏ. மாணவர்கள் சிலர் கால்டெக்கில் பிஎச்.டி. செய்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் சேர்ந்திருக்கிறது.

“ஒரு இடத்தில் பாடம் முடிந்ததும் லேப், இன்னொன்றில் வார்டு முடிந்துதான் லேப். எது நல்லது?”

இரண்டும் நடக்கிறது. டியூக்கில் பாடமே ஒரு வருடத்தில் முடிந்து இரண்டாம் வருடம் வார்டு, அப்புறம் லேப். வார்டு முன்னால் வந்தால் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ஆராய்ச்சிக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கலாம். பின்னால் வந்தால் வார்டில் கற்றது சூடு ஆறுவதற்குள் ரெசிடென்சிக்குப் போகலாம்.

எந்த வரிசையானாலும் ஒரு முறை லேபிலிருந்து வார்டுக்குத் திரும்ப வேண்டும், வலிப்பது அங்கேதான். நான் திரும்பிய முதல் நாள் காலை ஆறு மணிக்கு என் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. நான்கு வருடத்தில் காலாவதியாகியிருந்தது. உள்ளே போனதும் ரெசிடென்ட் ஒரு நோயாளியின் நெஞ்சைக் கேட்கச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பி மாட்டியிருந்தேன். அந்த நோயாளிதான் சிரித்துக்கொண்டே சொன்னார். எனவே கேளுங்கள்: பிஎச்.டி. நடக்கும்போதே வாரம் ஒரு அரை நாள் கிளினிக் உண்டா? திரும்புவதற்கு முன் சில வாரப் பயிற்சி உண்டா?

தேர்வுக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் மருத்துவ உரிமம் பெற எழுதும் யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் முதல் படி 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். மதிப்பெண் பார்க்கப்படுவது இரண்டாம் படியில். எல்லாப் படிகளையும் ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் விதி இருக்கிறது, இரட்டைப் பட்டக்காரர்களுக்கு அதில் விலக்கு தரும் மாநிலங்களும் உண்டு. லேப் நீண்டுபோனால் இது இடிக்கும். இதையெல்லாம் கவனித்துச் சொல்ல புரோகிராம் அலுவலகத்தில் ஒரு ஆள் இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

“வருடத்துக்கு 5 பேர் எடுக்கும் இடம், 25 பேர் எடுக்கும் இடம். பிள்ளை எதில் தொலைந்து போக மாட்டான்?”

பெரிய இடத்தில் லேபிலிருந்து திரும்பும்போது கூடவே நாலு பேர் திரும்புவார்கள், அது பெரிய ஆறுதல். உங்கள் மருத்துவ வகுப்பு நண்பர்கள் எல்லாம் அதற்குள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். சின்ன இடத்தில் இயக்குநருக்கு உங்கள் ஆராய்ச்சித் தலைப்பு தெரியும். ஆனால் அந்த ஒரு இயக்குநர் மாறினால் எல்லாமே மாறும். அவர் எத்தனை வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார், எப்போது விடப்போகிறார் என்று மரியாதையாகக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

“ரேங்க் பார்க்க வேண்டாமா? ரெசிடென்சிக்குப் பெரிய பெயர்தானே உதவும்?”

கொஞ்சம் உதவும். ஆனால் ரேங்க் பட்டியலே ஆட்டம் கண்டுவிட்டது. 2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி கல்லூரிகளுக்கு ரேங்க் போடும் யூ.எஸ். நியூஸ் பட்டியலுக்குத் தகவல் தருவதை நிறுத்தியது, ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா எல்லாம் பின்னாலேயே நிறுத்தின. 2024இல் அந்தப் பட்டியலே எண் வரிசையை விட்டுவிட்டு அடுக்குகளாகப் பிரிக்கத் தொடங்கியது. எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழி செய்ததற்காக 2023இல் நோபல் பெற்ற ட்ரூ வைஸ்மன் 1987இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பட்டமும் வாங்கியவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் அதே ஊரில்தான் இருந்தது.

ரெசிடென்சியில் ஆராய்ச்சிப் பாதை என்றே ஒன்று இருக்கிறது. இன்டர்னல் மெடிசினில் வழக்கமான மூன்று வருடம் இரண்டாகக் குறைந்து, ஆராய்ச்சிக்கு மூன்று வருடம் ஒதுக்கப்படும். அங்கே முதலில் பார்ப்பது உங்கள் கட்டுரைகளையும் கைடுடைய கடிதத்தையும். அந்த லேப் கேள்விக்கு ஏன் அத்தனை நீளமாகச் சொன்னேன் என்று இப்போது புரியும்.

“செகண்ட் லுக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போய் யாரிடம் பேசுவது?”

செகண்ட் லுக் என்பது அனுமதி கிடைத்தவர்களை மறுபடி அழைத்து இடத்தைச் சுற்றிக் காட்டுவது. முதல் வருடத்து மாணவர்கள் எல்லா ஊரிலும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். ஐந்தாம், ஆறாம் வருடத்தில் இருப்பவரைத் தேடுங்கள். விருந்துக்கு அவர் வந்திருக்க மாட்டார், லேபில் போய்ப் பிடிக்க வேண்டும். “உன் கைடோடு சண்டை வந்தால் யாரிடம் போவாய்?” என்று கேளுங்கள். உடனே ஒரு பெயர் சொன்னால் நல்லது. யோசித்தால் அதுவும் ஒரு பதில்.

“நடுவில் பிஎச்.டி. வேண்டாம் என்று தோன்றிவிட்டால்? வாங்கின பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?”

இடத்துக்கு இடம் வேறுபடும். பெரும்பாலும் அன்றிலிருந்து மீதி மருத்துவப் படிப்புக்கு நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். சில இடங்களில் ஏற்கெனவே தள்ளுபடி செய்த கட்டணத்தையும் திருப்பிக் கேட்கும் விதி இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் இல்லையென்றால் மாணவர் கையேட்டில் இருக்கும். கையேட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டு அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பெண்ணுக்கு இதைப் படித்துக் காட்டினால் மனம் தளர்ந்துவிடுவாள் என்று ஒரு அம்மா சொன்னார். எட்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவள், படிக்கட்டும்.

“இப்போது என்.ஐ.எச். பணமே ஆட்டம் கண்டிருக்கிறதாமே?”

ஆம். 2025இல் நடப்பிலிருந்த பல ஆராய்ச்சி மானியங்கள் பாதியில் நிறுத்தப்பட்டன. அந்தப் பிப்ரவரியில் பல்கலைக்கழகங்களுக்கான மறைமுகச் செலவுப் பங்கை (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கு மானியத்தோடு சேர்த்துத் தருவது) 15 சதவீதமாகக் குறைக்கும் அறிவிப்பு வந்து, நீதிமன்றத்தில் தடுக்கப்பட்டது. மூன்றாம் கேள்வியில் சொன்னதை இந்த வெளிச்சத்தில் மறுபடி கேளுங்கள், கூடவே இதையும்: “2025இல் எந்த மாணவரின் லேபாவது பணம் இழந்ததா? அவருக்கு என்ன செய்தீர்கள்?” ஏற்கெனவே ஒருமுறை நடந்து அதைச் சமாளித்த இடத்தின் பதில், நடந்தால் பார்ப்போம் என்கிற இடத்தின் பதிலைவிட நம்பகமானது.

“இரட்டைப் படிப்பு ஒரு இடத்தில், வெறும் எம்.டி. ரொம்பப் பெரிய இடத்தில். எம்.டி. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வர முடியாதா?”

முடியும். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக 1985இல் நோபல் வாங்கிய மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன் இருவரும் எம்.டி. மட்டும் படித்தவர்கள். மருத்துவமனைப் பயிற்சியில் சந்தித்து, பிறகு என்.ஐ.எச்.-இல் ஆராய்ச்சி பழகினார்கள்.

ஆனால் அவர்கள் காலத்துக் கடன் வேறு. 2026 ஜூலையிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு, முழுச் செலவுக்கும் அரசிடம் வாங்க முடிந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் வருடம் 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் என்று வரம்பு. மிச்சம் தனியார் கடன்தான். ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு என்.ஐ.எச். வருடம் 50,000 டாலர் வரை கடனடைப்பு உதவி தருகிறது, போட்டியிட்டு வாங்க வேண்டும். நான் பிள்ளையிடம் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக ஒரு பரிசோதனை மூன்று மாதம் ஓடாதபோது என்ன செய்தாய்? அந்தக் கதையை ஆர்வமாகச் சொல்கிறவரை இரட்டைப் படிப்புக்குப் போ என்பேன். வேறு பேச்சுக்குத் தாவுகிறவரிடம் வெறும் எம்.டி. நல்ல படிப்பு என்பேன், அது உண்மையும்கூட.

“எப்போது வரை யோசிக்கலாம்?”

ஏப்ரல் 30க்குள் ஒரே ஒரு இடத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரிகளின் பொது நடைமுறை. காத்திருப்புப் பட்டியலில் பெயர் தொடரலாம். சில புரோகிராம்களில் ஜூன், ஜூலையிலேயே லேப் ரொட்டேஷன் (லேபைத் தேர்ந்தெடுக்கும் முன் சில லேப்களில் கொஞ்ச நாள் வேலை செய்து பார்ப்பது) தொடங்கிவிடும், அவர்கள் முன்னதாகவே கேட்பார்கள். முடிவெடுத்த அன்றே மற்ற இடத்துக்கு எழுதிவிடுங்கள். அந்த இடத்துக்காக ஒருவர் காத்திருப்புப் பட்டியலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்.

“நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டாயிற்று. லேப், பணம், ஊர் எல்லாம் சமம். இப்போது?”

போன வருடம் ஒரு பெண் இதே நிலையில் கூப்பிட்டாள். இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே கேள்வியை எழுதி அனுப்பச் சொன்னேன்: ஐந்தாம் வருடத்தில் குழந்தை பிறந்தால் விடுப்பு எத்தனை வாரம், அந்த நாட்களில் ஸ்டைபண்ட் வருமா? ஒரு இடத்திலிருந்து நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது, விதியும், ஏற்கெனவே அப்படி விடுப்பெடுத்த இரண்டு மாணவிகளின் தொடர்பும், அவர்கள் சம்மதத்தோடு. இன்னொரு இடத்திலிருந்து ஒன்பது நாள் கழித்து இணையதள முகவரி ஒன்று வந்தது. அதற்குள் அவள் சேர்ந்துவிட்டாள்.